எட்டு அதிர்வு

அந்த ஒயரை ஒரு காதுல இருந்து மட்டும் எடுத்தாப் போதுமுங்க தம்பி. ரெண்டையும் எடுக்க வேண்டாம். கோவிச்சுக்காதீங்க. பாட்டுத்தானுங்களே கேக்கறீங்க? என்ன பாட்டுன்னு நான் கேக்கல. எந்தச் சுருதியில கேக்கறீங்க, அதைத்தான் கேக்கறன். தெரியாதுங்களா. பரவால்லீங்க, யாருக்கும் தெரியறதில்ல. எனக்கும் போன வருசம் சித்திரை வரைக்கும் தெரியாது.

நான் குழந்தைவேலுங்க. நாமக்கல்லுக்கு இந்தப் பக்கம் கல்லாங்காட்டுப் புதூரு. முட்டைக்கோழிப் பண்ணை வெச்சிருக்கறன். ரெண்டு ஷெட்டு, பன்னெண்டாயிரம் கோழி. பஸ்ஸு சங்ககிரி வந்ததும் எறங்கிருவன். அதுவரைக்கும் சொல்றன், அதுக்கு மேல உங்களைத் தொந்தரவு பண்ணமாட்டன்.

பண்ணையில நாங்க பாட்டுப் போடுவோமுங்க. சிரிக்காதீங்க, எல்லாருந்தான் போடறாங்க. கோழிங்கறது பயந்த சீவன். ரோட்டுல ஒரு லாரிக்காரன் ஆரன் அடிச்சான்னா பன்னெண்டாயிரமும் ஒண்ணா எகிறும். அன்னைக்கு விழுகற முட்டையில பாதிக்கு ஓடே இருக்காது. எப்பவும் ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருந்தா புதுச் சத்தத்துக்குப் பயப்படாது. மத்தவங்க ரேடியோ வெப்பாங்க. நானும் வெச்சுப் பாத்தன். செய்தி வாசிக்கறப்ப என்ற கோழிங்களுக்கு ஒத்துக்கல.

அதனால எட்வின்கிட்டப் போனன். நாமக்கல்லுல ஸ்டூடியோ வெச்சிருக்காருங்க, கல்யாண வீடியோ எடுப்பாரு, கீபோர்டு நல்லா வாசிப்பாரு. முருகன் பாட்டு மெட்டாவே ஒரு மணி நேரத்துக்கு, வாய்ப்பாட்டு இல்லாம, கீபோர்டும் புல்லாங்குழலும் வெச்சு ஒண்ணு பண்ணிக் குடுத்தாரு. கடைசி மூணு நிமிசம் தவில் மட்டும். இது பதினோரு வருசத்துக்கு முன்னால. அதுல இருந்து காலையிலயும் சாயங்காலமும் அதையே போடறோம். தவில் ஆரம்பிச்சா தீவனம் வரப்போவுதுன்னு கோழிக்குத் தெரியும். கழுத்தையெல்லாம் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். பாக்கோணும் நீங்க.

போடறோம்னு ஏன் சொல்றன்னா, பக்கத்துப் பண்ணை என்ற தங்கச்சி வூட்டுக்காரரோடது. மாரப்பன். ரெண்டு பண்ணைக்கும் நடுவுல ஒரு வண்டிப்பாதை. அந்தப் பாதை மேலதான் அவங்க வூடு. என்ற ஆம்ப்ளிபயர்ல இருந்து பாதைக்கு மேல ஒயரை இழுத்து அவரு ஷெட்டுக்கும் ஸ்பீக்கர் குடுத்திருந்தன். ரெண்டு பக்கமும் ஒரே பாட்டு. குஞ்சு வாங்கறது ஒரே எடத்துல, ஒரே நாள்ல. தீவனம் ஒரே எடத்துல அரைக்கறது. என்ற பையன் தினேஷுக்கு அவங்க பொண்ணு கீர்த்தனாவைத்தான் கட்டறதுன்னு முடிவு பண்ணி, ஆவணியில தேதியும் குறிச்சாச்சு. அப்படி இருந்த குடும்பமுங்க.

சித்திரை பத்தாந்தேதி வாக்குல என்ற ரெண்டாவது ஷெட்டுல முட்டை எறங்குச்சு. நூத்துக்குத் தொண்ணூத்திரண்டு இட்ட கோழிங்க எண்பத்தஞ்சுக்கு வந்துருச்சு. அப்பறம் எண்பத்தி மூணு. மாரப்பனுக்கு அதே தொண்ணூத்திரண்டு. அதே குஞ்சு, அதே தீவனம், அதே வெயிலு. எனக்கு மட்டும் ஏனுங்க?

கால்நடை டாக்டரம்மாவைக் கூட்டியாந்தன். ஷெட்டுக்குள்ள ஒரு நடை நடந்துபோட்டு, "ஐயா, வடக்குக் கடைசி நாலு வரிசைக்குத் தண்ணியே போகலை. குழாய்க்குள்ள பாசி அடைச்சிருக்கு. கோழியெல்லாம் தாகத்துல நிக்குது"ன்னாங்க. நல்ல பொண்ணுதானுங்க, கொறை சொல்லக்கூடாது. ஆனா எந்தப் பண்ணைக்குப் போனாலும் தண்ணி, தீவனம், வெளிச்சம், இந்த மூணைத் தாண்டிப் பேசறதில்ல. படிச்சது அவ்வளவுதான், என்ன பண்ணுவாங்க.

அந்த வாரந்தான் ராசிபுரத்துல ஒரு கல்யாணம். பந்தியில எனக்குப் பக்கத்து எலையில எட்வின். என்ற கஷ்டத்தைச் சொன்னன். மனுசன் சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே சொல்றாரு, "இன்டர்நெட்டுல ஒண்ணு சொல்றாங்கங்க. இப்ப உலகத்துல எல்லா வாத்தியத்தையும் செகண்டுக்கு நானூத்தி நாப்பதுங்கற அதிர்வுக்குச் சேத்தறாங்களாம். அதை எட்டு எறக்கி நானூத்தி முப்பத்திரண்டுல வெச்சா மனசு அமைதியாகுமாம். எனக்கு அதுல நம்பிக்கை இல்லீங்க. ரசம் வருது, எலையைப் பாருங்க."

எனக்கு ரசம் எறங்கலீங்க. எட்டு அதிர்வு. பதினோரு வருசமா, காலையிலயும் சாயங்காலமும், பன்னெண்டாயிரம் உசிரு மேல எட்டெட்டா ஏத்திக்கிட்டு இருந்திருக்கறன். அப்பறம் ஏன் முட்டை கொறையாது? எனக்கு நம்பிக்கை இல்லைன்னு அவரு சொன்னதை நான் தன்னடக்கம்னு எடுத்துக்கிட்டன். விசயம் தெரிஞ்சவங்க அப்படித்தான் பேசுவாங்க.

அடுத்த நாள் பாட்டு இருக்கற பென்டிரைவை எடுத்துக்கிட்டு ஸ்டூடியோவுக்குப் போயிட்டன். எட்வின் கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணினாரு, பத்து நிமிசத்துல முடிச்சுட்டேன்னாரு. போட்டுக் காட்டினாரு. ஒரு மணி நேரப் பாட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுது. ஒரு நிமிசம் ஏழு செகண்டு அதிகம்.

"இதென்னங்க எட்வின், நீண்டு போச்சு?"

"வேகத்தைக் கொறைச்சா சுருதி தன்னால எறங்குமுங்க. பழைய கேசட்டு பேட்டரி கொறைஞ்சா இழுக்கும் பாருங்க, அந்த மாதிரி. ஒரு நிமிசந்தானுங்களே."

"கோழி தவிலை வெச்சுத்தான் நேரம் பாக்குது. தவில் ஒரு நிமிசம் தள்ளிப் போனா அது என்ன நெனைக்கும்? உங்களுக்கு எலையைப் போட்டு ஒரு நிமிசம் சும்மா உக்கார வெச்சா எப்படி இருக்கும்?"

அவரு மறுபடியும் மவுஸைப் பிடிச்சாரு. "சரிங்க, வேகம் அப்படியே இருக்கோணும், சுருதி மட்டும் எறங்கோணும். அதுக்கு வேற வழி இருக்குது, கொஞ்சம் நேரமாகும், டீ குடிச்சுட்டு வாங்க"ன்னாரு.

டீ குடிச்சுட்டு வந்தன். முதல்ல பழசைப் போட்டாரு, அப்பறம் புதுசைப் போட்டாரு. தம்பி, புதுசைக் கேட்டதும் இந்த எடத்துல, நெஞ்சுக்குக் கீழ, ஒரு பாரம் எறங்குச்சு பாருங்க. கண்ணுல தண்ணி வந்துருச்சு. "இதானுங்க எட்வின்"னன். அவரு மானிட்டரை உத்துப் பாத்துட்டு, "மன்னிச்சுக்கோங்க, தப்பாப் பழசையே ரெண்டு தடவை போட்டுட்டன்"னாரு. அப்பறம் நெசமான புதுசைப் போட்டாரு. அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த முதல் தடவை எறங்குன மாதிரி எறங்கலீங்க. வரப்போவுதுன்னு தெரிஞ்சே ஒடம்பு முன்கூட்டி எறங்கியிருக்குது. அவ்வளவு சக்தி அதுக்கு.

நான் ஸ்டூடியோவுல இருந்த அன்னைக்கு என்ற வூட்டுக்காரி தெய்வானை ஆளுங்களைக் கூட்டி வடக்குப் பக்கத்துத் தண்ணிக் குழாயையெல்லாம் கழட்டிக் கழுவியிருக்கறா. வந்தப்ப வாசல்ல ஒரு அன்னக்கூடை நெறையப் பச்சப்பசேல்னு பாசி. "பாருங்க, இத்தனை இருந்துச்சு"ன்னா. சுத்தம் நல்லதுதான், நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு அன்னைக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல. ஆம்ப்ளிபயர்ல புதுப் பென்டிரைவைச் சொருகி சாயங்காலப் பாட்டைப் போட்டன்.

எட்டே நாள். தொண்ணூத்தொண்ணு.

இதை நான் தெய்வானைகிட்டச் சொன்னன். அவ, "தண்ணி குடிச்சா முட்டை போடாம என்ன பண்ணும்"னா. பொம்பளைங்க மேலோட்டமாப் பாப்பாங்க, அவளைக் குத்தம் சொல்லி என்ன ஆகப்போவுது.

அதுக்கப்பறம் எட்வின் என்ற போன்லயே ஒரு இதைப் போட்டுக் குடுத்தாரு. சத்தத்துக்கு நேரா பிடிச்சா எத்தனை அதிர்வுன்னு முள்ளு காட்டும். ஊரெல்லாம் பிடிச்சுப் பாத்தன். எங்க வூட்டு மிக்சி நானூத்தி எழுபது. சட்னி அரைக்கறப்ப தெய்வானைக்கு ஏன் கோவம் வருதுன்னு இருபத்தெட்டு வருசங்கழிச்சுப் புரிஞ்சுது. குக்கர் விசிலுக்கு முள்ளு கடைசிக்கே போயிருச்சு. பேங்க்ல டோக்கன் கூப்பிடற மணி நானூத்தி நாப்பது. அங்க வர்றவங்க மொகத்தைப் பாத்திருக்கறீங்களா?

இவ்வளவு நல்ல விசயத்தை நான் மட்டும் வெச்சுக்கலாமுங்களா? மாரப்பன்கிட்ட முதல்லயே சொன்னன். சொல்றதென்ன, ஒயரு என்ற ஆம்ப்ளிபயர்ல இருந்துதானே போவுது, புதுப் பாட்டு அவரு ஷெட்டுலயும் தன்னால ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. பத்து நாள் அவருக்கே தெரியாது. நான் போயி வெவரத்தைச் சொன்னதுக்கப்பறந்தான் மனுசனுக்கு மொகம் மாறுச்சு.

"என்னைக் கேக்காம என்ற கோழிக்கு எப்படி மச்சான் சுருதியை எறக்கலாம்?"

"நல்லதுக்குத்தானே மாப்பிள்ள. எனக்கு ஏறியிருக்குது பாருங்க."

"உங்களுக்கு ஏறட்டும். எனக்குத் தொண்ணூத்திரண்டுல இருந்து தொண்ணூத்தொண்ணு ஆயிருக்குது. ஏன்னு நானும் மூணு நாளா மண்டையைப் பிச்சுக்கிட்டு இருக்கறன். இதானா காரியம்?"

"ஒண்ணுதானே மாப்பிள்ள."

"இன்னைக்கு ஒண்ணு. எனக்கு அந்த எட்டைத் திருப்பிக் குடுங்க மச்சான்."

நான் குடுக்கமாட்டேன்னுட்டன். தெரிஞ்சே ஒருத்தருக்குக் கெடுதல் பண்ண முடியுமுங்களா? மூணாம் நாள் அவரு நாமக்கல்லு போயி சொந்தமா ஆம்ப்ளிபயர் வாங்கிட்டு வந்துட்டாரு. எட்வின்கிட்ட இருந்து பழைய பாட்டையும் வாங்கிக்கிட்டாரு. பாதைக்கு மேல போற ஒயரை அவரே ஏணி வெச்சு ஏறி வெட்டினாரு. பதினோரு வருசத்து ஒயருங்க.

அடுத்த நாள் காலையில இருந்து ஆரம்பிச்சுது பாருங்க. அஞ்சரைக்கு நான் போடுவன். அஞ்சரைக்கு அவரும் போடுவாரு. ஒரே பாட்டு, ஒரே வேகம், ஒரே நொடி. என்னுது மட்டும் எட்டு கீழ. ஷெட்டுக்குள்ள நின்னா ஒண்ணும் தெரியாது. நடுவுல அந்த வண்டிப்பாதைக்கு வந்தீங்கன்னா, ஊங்... ஊங்... ஊங்னு ஒரு நடுக்கம். பல்லு கூசும். சைக்கிள்ல வர்ற பால்காரர் அந்த எடம் வந்தா எறங்கித் தள்ளிக்கிட்டு ஓடுவாரு. மினி பஸ்காரன் எங்க ஸ்டாப்பையே நூறடி தள்ளிக் கொண்டுபோயிட்டான், கண்ணாடியெல்லாம் அதிருதாம்.

எட்வினைக் கூட்டியாந்து காட்டினன். பாதையில நின்னு காதைப் பொத்திக்கிட்டாரு. "வேகம் வேற வேறயா இருந்திருந்தா ரெண்டு பாட்டும் வெலகிப் போயிருக்குமுங்க, ஏதோ ரெண்டு வூட்டுல ரெண்டு ரேடியோ ஓடறாப்பல. நீங்கதான் வேகம் மாறக்கூடாதுன்னு சொல்லிட்டீங்க. இப்ப ஒவ்வொரு சுரமும் அதுக்குச் சோடியான இன்னொரு சுரத்தோட மோதுது. கடைசி வரைக்கும் மோதும்"னாரு.

"அப்ப மாரப்பனை நிறுத்தச் சொல்லுங்க"ன்னன்.

"அவரும் இதையேதான் சொன்னாரு"ன்னாரு.

அந்தப் பாதை மேலதான் தங்கச்சி பாவாயி வூடுன்னு சொன்னனுங்களே. அலமாரியில அடுக்கி வெச்ச எவர்சில்வர் டம்ளரு காலையில அஞ்சரைக்குத் தானாப் பேச ஆரம்பிக்கும். அவ காதுல பஞ்சு வெச்சு, அதுக்கு மேல துண்டைக் கட்டிக்கிட்டுத்தான் கோலம் போடுவா. ஒரு நாள் துண்டை அவுத்துப்போட்டு வேலிகிட்ட வந்தா.

"அண்ணா, அவரைச் சொன்னா உன்னைச் சொல்றாரு. உன்னைச் சொன்னா அவரைச் சொல்ற. ரெண்டு பேரு ஷெட்டுலயும் நல்லாத்தான் கேக்குது. எனக்கு மட்டுந்தான் இந்த எழவு. நான் எங்க போயி நிக்கறது?"

"எங்கூட்டுக்கு வந்துரு பாவாயி, இங்க நல்லாருக்கும்"னன். நெசமாத்தான் சொன்னனுங்க. அவ என்ன நெனைச்சாளோ, துண்டை மறுபடியும் காதுல கட்டிக்கிட்டுத் திரும்பிப் போயிட்டா. அன்னையில இருந்து எங்கிட்டப் பேச்சில்ல. அவளுக்கு வாய் பேச வந்த நாள்ல இருந்து எங்கிட்டப் பேசாம இருந்ததில்லீங்க. கல்யாணமாகிப் போனப்பக்கூட, பாதையைத் தாண்டித்தானே போனா.

சத்தம் பத்தலைன்னு நான் கொஞ்சம் ஏத்தினன். அவரும் ஏத்தினாரு. ஆனி மாசம் எனக்கு முட்டை எண்பத்தொண்ணு, அவருக்கு எழுவத்தொம்பது. டாக்டரம்மா வந்து, "ரெண்டு பேரும் சத்தத்தைக் கொறைங்க, கோழி மெரண்டு கெடக்குது"ன்னாங்க. அவங்க சத்தம்னுதான் சொன்னாங்க, சுருதின்னு சொல்லல. அதை நான் மாரப்பனுக்கு எடுத்துச் சொல்லி அனுப்பினன். சுருதியைப் பத்திக் கொறையே இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாங்கன்னு.

அதுக்கு அவரு பதில் சொல்லியனுப்பினாரு. சுருதியை ஏத்தினாத்தான் பொண்ணு. நானும் சொல்லியனுப்பினன். எறக்கினாத்தான் மாப்பிள்ளை.

பத்திரிகை அடிக்கக் குடுத்திருந்ததுங்க அப்ப. தினேஷும் கீர்த்தனாவும் ஒரு நாள் ரெண்டு பேருமாச் சேந்து எங்கிட்ட வந்து நின்னாங்க. அந்தப் புள்ளைதான் பேசுச்சு.

"மாமா, நாங்க ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போயிக் கையெழுத்துப் போட்டுக்கறோம். அங்க பாட்டே போடமாட்டாங்க. விசாரிச்சுட்டன்."

அந்தப் புள்ளை சொன்னது நாயந்தான். ஆனா அதுக்காக அறிவியலை விட்டுக்குடுக்க முடியுமுங்களா? யோசிச்சுச் சொல்றேன்னு அனுப்பினன். யோசிச்சன். கல்யாணத்துக்கு வர்ற நாயனக்காரரை நானூத்தி முப்பத்திரண்டுல வாசிக்கச் சொன்னா எல்லாருக்கும் பொதுவா ஒரு தொடக்கமா இருக்கும்னு தோணுச்சு. அவரைப் போயிப் பாத்தன். பேரு சின்னராசு, பரமத்தியில இருக்காரு. முழுசாக் கேட்டுட்டு, "ஐயா, நாயனம் மரத்துல செஞ்சது. ஓட்டை போட்ட எடத்துலதான் சத்தம் வரும். எட்டைக் கொறைக்கோணும்னா கல்யாணத்தை விட்டுப்போட்டு நான் ஆச்சாரியைத்தான் பாக்கோணும்"னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு. ஆனா அனுப்பறப்ப வாசல் வரைக்கும் வரல.

ஆடி முதல் வாரம் ஒரு வியாழக்கிழமை. தெய்வானை மொகூர்த்தப் பட்டு பாக்கப் போறேன்னு கெளம்பினா. பாவாயியும் கூடப் போறதாச் சொன்னா. சரி, பொம்பளைங்களாவது பேசிக்கறாங்களேன்னு விட்டுட்டன். சாயங்காலம் பட்டு எடுக்காமலே வந்தாங்க. கலரு அமையலையாம்.

வெள்ளிக்கிழமை காலையில அஞ்சரைக்குப் பாட்டைப் போட்டுப்போட்டு, வழக்கம்போலப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பாதைக்குப் போனன். நடுக்கமே இல்லீங்க. அந்தப் பக்கமும் பாட்டு ஓடுது, இந்தப் பக்கமும் ஓடுது. ஊங்கறது போன எடந்தெரியல. ஒரே பாட்டு, நல்லா அகலமா, ரெண்டு பக்கத்துல இருந்தும் வருது. பால்காரர் சைக்கிள்ல உக்காந்தபடியே போனாரு. அவரே திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டுப் போனாரு.

ஓடிப்போயித் தெய்வானைகிட்டச் சொன்னன். அவ தோசையைத் திருப்பிக்கிட்டே, "மாரப்பண்ணன் எறங்கி வந்துட்டாரு. நீங்க போயி அதைப் பத்திக் கேட்டுவெக்காதீங்க, சங்கடப்படுவாரு"ன்னா.

நான் ஒரு கல்லு மனசுக்காரன் இல்லீங்க. தோத்தவரை நாமதான் தாங்கோணும். தோட்டத்துல ஒரு பூவன் தாரு முத்தியிருந்துச்சு. வெட்டித் தோள்ல போட்டுக்கிட்டு அவரு வூட்டுக்குப் போனன். பாதி வழியில மாரப்பன் எதிர்ல வர்றாரு, தோள்ல ஒரு பலாப்பழம்.

"மச்சான், உங்களைத்தான் பாக்க வந்தன்."

"நானும் உங்களைத்தான் மாப்பிள்ள. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. நீங்க பெரிய மனுசன்."

"நானுங்களா? நீங்கதான் மச்சான் பெரிய மனுசன். எல்லாராலயும் முடியாது அது."

"விட்டுக்குடுக்கறதுக்கு ஒரு மனசு வேணும் மாப்பிள்ள."

"அதைத்தான் நானும் பாவாயிகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தன். மச்சானுக்கு அந்த மனசு இருக்குதுன்னு."

எனக்குக் கொஞ்சம் கொழப்பமாத்தான் இருந்துச்சு. தோத்தவரு இவ்வளவு சந்தோசமா இருந்து நான் பாத்ததில்ல. ஆனா அவரு மரியாதைக்குப் பேசறாரு, நாமளும் மரியாதைக்குப் பேசுவோம்னு நானும் பேசினன். அவரும் என்னை அப்படித்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. வாழைத்தாரைக் குடுத்துப் பலாப்பழத்தை வாங்கிக்கிட்டன். ரெண்டு பேரும் தோளைத் தட்டிக்கிட்டோம். ரொம்ப நேரம் தட்டிக்கிட்டு நின்னோமுங்க, யாரு முதல்ல நிறுத்தறதுன்னு தெரியல.

ஆவணியில கல்யாணம் நடந்துச்சு. அதே சின்னராசுதான் நாயனம். எட்வின் கேமராவோட வந்திருந்தாரு. எனக்குக் கை சும்மா இருக்குமுங்களா, கெட்டிமேளத்துக்கு முன்னாடி போனை நாயனத்துப் பக்கம் பிடிச்சன். முள்ளு நானூத்தி ஐம்பத்தொண்ணு காட்டுது. எனக்கு ஒடம்பெல்லாம் வேர்த்துப் போச்சு. எட்வினைக் கூப்பிட்டுக் காட்டினன். "நாயனத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் கெடையாதுங்க, அது அதோட சுருதியில போவும். போனை உள்ள வெச்சுட்டு அட்சதையை எடுங்க"ன்னாரு. மாரப்பன் கண்ணைத் தொடச்சுக்கிட்டு இருந்தாரு. பாவாயியும் அழுதா. நானூத்தி ஐம்பத்தொண்ணுல ஒரு கல்யாணம் நடக்கவே கூடாதுங்க. நடந்துருச்சு. நானும் அழுதன், எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

பந்தி முடிஞ்சு கை கழுவற எடத்துல பாவாயி பக்கத்துல வந்து நின்னா. அஞ்சு வாரமா சம்பந்தி முறைக்கு வாங்க, போங்கன்னு மட்டுந்தான் பேசிக்கிட்டு இருந்தா. அன்னைக்கு, "அண்ணா"ன்னா.

"சொல்லு பாவாயி."

"உன்ற பென்டிரைவுல இருக்கறது பழைய பாட்டுத்தான். நானும் அண்ணியும் எட்வின்கிட்டப் போயி மாத்திட்டு வந்தோம். எங்கூட்டுக்காரரு எறங்கி வரல. இன்னைக்கு எம்புள்ள கல்யாணம், பொய்யோட வேண்டாம்னு சொல்றன். கோவப்படறதுன்னா இப்பவே பட்டுக்கோ."

கொழாயில தண்ணி போய்க்கிட்டே இருந்துச்சு. நான் அதை மூடினன்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீ தோத்துட்டேன்னு அவரு அன்னையில இருந்து சந்தோசமாத் திரியறாரு."

"இருக்கட்டும். நீ சொல்லிப்போடாத."

அவ என்ற மொகத்தைப் பாத்தா. அப்பறம் அவ சேலைத் தலைப்பைக் குடுத்தா, கையைத் தொடைக்க. அவ்வளவுதானுங்க பேசினது.

இப்ப என்ற ஷெட்டு தொண்ணூத்திரண்டு, அவரு ஷெட்டு தொண்ணூத்திரண்டு. நீங்க கேப்பீங்க, அப்ப அந்த நானூத்தி முப்பத்திரண்டு என்னாச்சுன்னு. நான் யோசிச்சு வெச்சிருக்கறன். மூணு மாசம் எட்டைக் கொறைச்சுப் பாடின ஸ்பீக்கரு அது. அதுக்குன்னு ஒரு பழக்கம் இருக்குமுல்ல? நீங்க எந்தப் பாட்டைப் போட்டாலும் கொஞ்சம் எறக்கித்தான் பாடும். போனை ஸ்பீக்கருக்கு நேராப் பிடிச்சா ஒரு நிமிசத்துல தெரிஞ்சுரும். நான் பிடிக்கல. பாவாயி பொய் சொல்லமாட்டா, அது எனக்குத் தெரியும். அதனாலதான் பிடிக்கல.

சங்ககிரியில ஒரு பண்ணைக்காரரு முட்டை எறங்கிப் போச்சுன்னு கூப்பிட்டிருக்காரு. பென்டிரைவை எடுத்துக்கிட்டுத்தான் போறன். இதுல இருக்கறது எதுன்னு கேக்காதீங்க. நம்பிப் போட்டாப் போதும்.

கீர்த்தனா எங்க வூட்டுக்கு வந்து ஏழு மாசமாச்சுங்க. காலையில அடுப்படியில வேலை செய்யறப்ப ஏதாவது பாடிக்கிட்டே இருக்கும். முந்தாநாள் நான் கதவோரமா நின்னு போனைப் பிடிச்சன். நானூத்தி பதினேழுன்னுச்சு. அடுத்த அடிக்கே நானூத்தி அறுபத்தி மூணு. அப்பறம் நானூத்தி இருபத்தொம்பது. முள்ளு ஒரு எடத்துல நிக்கவேயில்ல. சுருதின்னு ஒண்ணு அந்தப் புள்ளைக்குச் சுத்தமாக் கெடையாதுங்க. அது திரும்பிப் பாத்துட்டு, "என்னங்க மாமா, யாருக்காவது போன் போடோணுமா?"ன்னு கேட்டுச்சு.

"இல்ல சாமி, மணி பாத்தன்."

"எட்டேகால்"னு சொல்லிப்போட்டு மறுபடியும் விட்ட எடத்துல இருந்து பாட ஆரம்பிச்சுது. நான் போனை அணைச்சுச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, அது முடிக்கற வரைக்கும் அங்கயே நின்னன்.